உடம்புக்கு ஒரு சார்ஜ் மெமோ

"மாஸ்டர், என் உடம்பு கருங்காலி ஆகிவிட்டது," என்றார் நாச்சிமுத்து.

மாஸ்டர் கப்பிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எத்தன நாளா?"

"பதினேழு நாள். எடை அசையவில்லை. நேற்று இருநூறு கிராம் கூடியிருக்கிறது. இதை நடுநிலை என்றுகூடச் சொல்ல முடியாது, மாஸ்டர். இது காட்டிக்கொடுப்பு."

மாஸ்டரின் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தாறு. ஒரு காலத்தில் மாவட்டப் போட்டிகளில் பளு தூக்கியவர். குதிரைக்கரடு என்ற குன்றின் அடிவாரத்தில், ஒரு தகரக் கொட்டகையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். போர்டு கிடையாது. வந்தவர்கள் வந்தார்கள். பேசுகிறவர்களைவிடத் தூக்குகிறவர்களே அங்கே அதிகம்.

நாச்சிமுத்து பேசுகிறவர். வயது அறுபத்து நான்கு. பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். பஞ்சாலை மூடி இருபத்தோரு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. சங்கம் மட்டும் மூடவில்லை. உறுப்பினர்கள் பதினொரு பேர். கோஷ்டிகள் மூன்று.

வருடத்துக்கு ஒரு முறை, ஆலைப் போராட்டம் ஜெயித்த வெற்றி நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, கரட்டின் உச்சிப் பாறையில் சங்கக் கொடி ஏறும். ஊருக்குள் கொடியேற்றக் கூடாது என்று போலீஸ் மறித்த வருடத்தில் தொடங்கிய வழக்கம். முப்பத்தெட்டு வருடமாகக் கயிற்றை இழுத்த கை நாச்சிமுத்துவின் கை.

படிகள் முந்நூற்று எண்பத்தாறு.

போன வருடம் இருநூறாவது படியிலிருந்து அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்களில் ஒருவருக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

இந்த வருடம் செயலாளர் ஆறுச்சாமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். யார் துணையும் இல்லாமல் படியேறி வருகிறவரே கொடியேற்ற வேண்டும். தலைவரால் முடியாவிட்டால் செயலாளர் ஏற்றுவார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் என்ற முறையில் அதை எழுந்து நின்று அறிவித்தவர் நாச்சிமுத்து.

வெற்றி நாளுக்கு இன்னும் ஐம்பத்து நான்கு நாள் இருந்தது.

"என்ன சாப்புடறீங்க?" என்றார் மாஸ்டர்.

"காலையில் எலுமிச்சைத் தண்ணீர். பகலில் ஒரு வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். இரவில் ஒரு இட்லி."

"ஒரு இட்லியா?"

"சட்னி இல்லாமல்."

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"பயிற்சி?"

"ஒரு மணி நேரமாக இருந்தது. இரண்டரை ஆக்கிவிட்டேன்."

"ஆரு சொன்னா?"

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மருந்துக்கடை வாசலில் யாரோ கொடுத்த துண்டறிக்கை. 'குறைவாக உண், நிறைய உழை' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அச்சில் வந்ததை அவர் நம்புவார். முப்பது வருடம் துண்டறிக்கை எழுதி அச்சடித்தவர். இருந்தும் நம்புவார்.

மாஸ்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு சத்துமாவு டப்பாவின் படம் இருந்தது.

அவர் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு உள்ளே போனார். வேகவைத்த முட்டை ஒன்றோடு வந்தார்.

"சாப்புடுங்க."

"மாஸ்டர், நான் எடை குறைக்க வந்தவன்."

"அதுக்குத்தானுங்க. சாப்புடுங்க."

நாச்சிமுத்து முட்டையைப் பார்த்தார். அநியாய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய பேனாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பதினாறு நாள், மாஸ்டர். ஆலை வாசலில் பதினாறு நாள் உண்ணாவிரதம் இருந்தவன் நான். தாசில்தார் வந்தார். டி.எஸ்.பி. வந்தார். முதலாளியின் மைத்துனர் கண்ணீரோடு வந்தார். ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. என்னிடம் ஒரு முட்டையை நீட்டுகிறீர்களா?"

"இப்ப இருக்கறது ஆருக்கு எதிரா?"

"எது?"

"இந்த உண்ணாவிரதம்."

நாச்சிமுத்து யோசித்தார்.

"வயிற்றுக்கு எதிராக."

"கோரிக்கை?"

"எடை குறைய வேண்டும்."

"செரி. பேச்சுவார்த்தைக்கு ஆரு வருவாங்க? கடைசீல பழச்சாறு குடுத்து ஆரு முடிச்சு வெப்பாங்க?"

நாச்சிமுத்து குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அது எதுவும் சொல்லவில்லை.

முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது ஆதாரமாக என்னிடம் இருக்கட்டும்," என்றார்.

*

மறுநாள் அவர் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கினார். அதே சட்டை. நான்காவது முறை கம்பி நழுவி நெஞ்சுக்கு இறங்கியது. நொறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

மாஸ்டர் பாய்ந்து வந்து கம்பியைப் பிடித்தார்.

"எலும்புங்களா?"

"ஆதாரம்," என்றார் நாச்சிமுத்து.

*

அந்த வாரம் ஆறுச்சாமி கூடத்துக்கு வந்தார். தலைவரின் நலம் விசாரிக்க வந்ததாகச் சொன்னார். பந்தல் கயிறுபோல இருப்பார். வயது அறுபத்தொன்று. வேட்டி இடுப்பில் நிற்பதே ஒரு போராட்டம்.

"என்னப் பாருங்க தோழர். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். காலைல பத்துக் கிலோமீட்டர் நட. கொள்கைங்கறது வயித்துல இருந்துதான் ஆரம்பிக்கோணும்."

"நல்லது தோழர்."

"உங்களால முடியலீன்னாலும் ஒண்ணுமில்ல. கயிற நான் புடிச்சுக்கறேன். நீங்க கீழ நின்னு கோஷம் போடுங்க. கோஷத்துக்கு எட ஒரு பிரச்சினையே இல்ல."

அவர் போனபிறகு நாச்சிமுத்து மாஸ்டரிடம் திரும்பினார்.

"துரோகிகள் எல்லாரும் ஒல்லியாகவே இருக்கிறார்கள், மாஸ்டர். எப்படி?"

"அவரு என்ன தொரோகம் பண்ணுனாரு?"

"இன்னும் பண்ணவில்லை."

அன்று இரவிலிருந்து அவர் அந்த ஒரு இட்லியையும் நிறுத்தினார்.

*

மூன்றாம் நாள் காலை, பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே தூங்கிப்போனார். கால்கள் நின்றுவிட்டன. கைகள் மட்டும் பிடியை விடவில்லை. ஊர்வலங்களில் தூங்கிப் பழகியவர்.

மாஸ்டர் எழுப்பினார். நாச்சிமுத்து நேராக எடை மெஷினுக்குப் போனார்.

தொண்ணூற்று நான்கு. அதே தொண்ணூற்று நான்கு.

"இதற்கு மேல் பொறுக்க முடியாது," என்றார். குரல் பாதிதான் வந்தது. "இந்த உடம்பின் மீது நடவடிக்கை எடுத்தாக வேண்டும்."

"எடுத்தர்லாமுங்க," என்றார் மாஸ்டர். "மொதல்ல சார்ஜ் மெமோ குடுங்க."

"யாருக்கு?"

"உடம்புக்குத்தான். குத்தம் பண்ணியிருக்குதில்லைங்களா? என்னென்ன குத்தம்னு எழுதிக்கிட்டு வாங்க. நாளைக்கே விசாரண வெச்சுப்போடலாம்."

ஆலையில் ஒரு தொழிலாளியின் மீது குற்றம் சுமத்தும்போது நிர்வாகம் கொடுக்கும் தாள்தான் சார்ஜ் மெமோ. நாச்சிமுத்து தன் வாழ்நாளில் அப்படிப்பட்ட தாள்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். ஒன்றைக்கூட எழுதியதில்லை.

பல நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

*

மறுநாள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கார்பன் வைத்து மூன்று நகல்.

மாஸ்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே கம்பி தூக்கும் பெஞ்சைக் காட்டினார்.

"நான் விசாரண அதிகாரி. நீங்க நிர்வாகம். அதுல உக்காருங்க."

நிர்வாகம் என்ற சொல் நாச்சிமுத்துவுக்குச் சற்றுக் கசந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்.

"படிங்க."

"குற்றம் ஒன்று. மேற்படி உடம்பு, காலைப் பயிற்சி முடிந்ததும் நாள் முழுக்க வேலை செய்ய மறுக்கிறது. குற்றம் இரண்டு. பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்த நிலையிலேயே உறங்குகிறது. குற்றம் மூன்று. கையும் காலும் வேண்டுமென்றே குளிர்ந்து கிடக்கின்றன. குற்றம் நான்கு. மாடிப்படியைப் பாதி வேகத்தில் ஏறுகிறது. குற்றம் ஐந்து." தொண்டையைச் செருமினார். "காலைக்கடனை மூன்று நாளைக்கு ஒரு முறை மட்டுமே செலுத்துகிறது."

"சாட்சி இருக்குதுங்களா?"

அந்த நேரத்தில் நாச்சிமுத்துவின் மனைவி தனபாக்கியம், அவர் மறந்துவிட்டு வந்த துண்டோடு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு சாட்சி சொல்றீங்களா?"

"எதுக்குங்க?"

"வீட்டுல இவரு எப்பிடி இருக்கறாரு?"

"சோபால இருக்கறாருங்க."

"வெவரமாச் சொல்லுங்க."

"இங்க வந்துட்டுப் போனாருன்னா பொழுதுக்கும் சோபாதானுங்க. ஃபேன் சுவிச்சு தலைக்கு மேல இருக்குது. அதப் போடறதுக்குச் சமையக்கட்டுல இருந்து என்னையக் கூப்புடறாரு. முன்னெல்லாம் பேப்பர் படிச்சா எந்திரிச்சு நின்னு திட்டுவாரு. அப்பறம் உக்காந்துக்கிட்டுத் திட்டுனாரு. போன வாரம் படுத்துக்கிட்டே திட்டுனாரு." துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். "நேத்து திட்டவே இல்லீங்க. அப்பத்தானுங்க எனக்குப் பயம் வந்துது."



"நிர்வாகத்துத் தரப்பு முடிஞ்சுதுங்களா?" என்றார் மாஸ்டர்.

"முடிந்தது. வேலைநீக்கம் ஒன்றே தகுந்த தண்டனை."

"தொழிலாளி பக்கம் பேசறதுக்கு ஆரு வந்திருக்கறாங்க?"

நாச்சிமுத்து விழித்தார்.

"விசாரணைல தொழிலாளி பக்கம் ஒரு ஆளு உக்காரோணும். அது சட்டந்தானுங்களே?"

"சட்டம்தான். அந்தச் சட்டத்துக்காக நாங்கள் ஜெயிலுக்குப் போனோம்."

"அப்ப ஆரு?"

இருநூறு விசாரணைகளில் தொழிலாளியின் பக்கம் உட்கார்ந்தவர் அவர். தண்ணீர் குடித்ததற்காக, சிறுநீர் கழிக்கப் போனதற்காக, முறைத்ததற்காக மெமோ வாங்கியவர்களுக்கெல்லாம் வாதாடியவர். எந்தத் தொழிலாளியும் தனியாக நிற்கக் கூடாது என்பது அவர் எழுதிய எல்லாத் துண்டறிக்கையிலும் கடைசி வரி.

மாஸ்டர் ஒரு பழைய லாரி டயரைக் காட்டினார். நாச்சிமுத்து எழுந்துபோய் அதில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. குரல் திரும்பி வந்தது.

"கனம் விசாரணை அதிகாரி அவர்களே. நிர்வாகத்தை நான் குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறேன்."

"பண்ணுங்க."

"கடந்த ஒரு மாதத்தில் இந்தத் தொழிலாளியின் வேலைநேரம் கூட்டப்பட்டதா?"

எழுந்து பெஞ்சுக்குப் போனார்.

"ஆம்."

டயருக்கு வந்தார்.

"எவ்வளவு?"

பெஞ்சுக்குப் போனார்.

"ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம்."

"தொழிலாளியைக் கலந்து பேசினீர்களா?"

"...இல்லை."

"அதே காலத்தில் அந்தத் தொழிலாளிக்கு என்ன சாப்பாடு போட்டீர்கள்?"

பெஞ்சில் பதில் இல்லை.

டயருக்கு ஓடிவந்து கத்தினார்: "பதில் சொல்லய்யா!"

பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தது.

"வெள்ளரிக்காய்."

"எத்தனை?"

"ஒன்று."

"என்ன அளவு?"

"நடுத்தரம்."

தனபாக்கியம் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து மூச்சு வாங்க டயருக்குத் திரும்பினார். சார்ஜ் மெமோவை எடுத்து மறுபடியும் படித்தார். இந்த முறை சத்தமில்லாமல் படித்தார். நான்காவது குற்றத்தில் அவர் விரல் நின்றது. மேலே போனது. கீழே வந்தது.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் ஆளுக்கு நான்கு மெஷின் பார்த்தவர்களை ஆறு பார்க்கச் சொன்னார்கள். அதே வாரம் ஆலை கேன்டீனில் சோறு ஒரு கரண்டி குறைந்தது. அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம் ஆனது; அதைத் திரும்ப வாங்கிய நாள்தான் வெற்றி நாள். அன்று ஒரு துண்டறிக்கை கைக்குக் கை போனது. எழுதியவர் பெயர் அதில் இல்லை.

மெஷினை நிறுத்தாதே. மெஷினை ஓட்டாதே. கையை மெதுவாக்கு. நடையைப் பாதியாக்கு. கேட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்.

"மாஸ்டர்," என்றார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது. "இது கருங்காலி இல்லீங்க."

"பின்ன?"

"மெதுவா வேல செய்யற போராட்டமுங்க இது. அப்பிடியே நாங்க பண்ணுனது. ஒரு வரி மாறல. இதுக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் முப்பத்தெட்டு வருசமாப் பேசிக்கிட்டே இருக்கறீங்களே. உள்ள இருந்து கேட்டிருக்கும்."

நாச்சிமுத்து தடுமாறி எழுந்தார். கால் வழக்கத்தில் பெஞ்சுக்குப் போனது. உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஆருங்க?"

மாஸ்டர் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார்.

நாச்சிமுத்துவும் பார்த்தார். சுட்டதுபோலத் துள்ளி எழுந்தார்.

"விசாரண முடிஞ்சுது," என்றார் மாஸ்டர். உள்ளே போய்த் தட்டோடு வந்தார். மூன்று இட்லி, சட்னி, கொள்ளுப் பருப்பு, ஒரு முட்டை.

நாச்சிமுத்து டயரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த இடத்தை விட்டு எழவில்லை.

*

நான்கு வேளை என்று ஆனது. காலையில் இட்லியும் முட்டையும். பகலில் சோறு, கீரை, கொள்ளு ரசம். சாயங்காலம் பச்சைப்பயறு. இரவில் ராகிக் களி. வயிறு முட்டவும் கூடாது, கூவவும் கூடாது. பயிற்சி மறுபடியும் ஒரு மணி நேரம்.

"ஞாயித்துக்கெழம வராதீங்க."

"வார விடுமுறையா?"

"ஆமாங்க."

நாச்சிமுத்து அதைத் தனபாக்கியத்திடம் ஒரு வெற்றிச் செய்தியைப்போல அறிவித்தார்.

முதல் வாரம் எடை அறுநூறு கிராம் கூடியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மாஸ்டர், நாம் ஏமாந்துவிட்டோம். விட்டுக்கொடுத்ததும் தலைக்கு மேல் ஏறுகிறார்கள்."

"ஆரு?"

"உடம்பு."

"சொன்னத ஒரே நாள்ல நம்பீருவீங்களா? நிர்வாகம் சோறு போடறேன்னு சொன்னா, மொத வாரம் உங்காளுங்க என்ன பண்ணுவாங்க?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"போட்டதையெல்லாம் பதுக்குவோம்," என்றார் மெதுவாக. "மறுபடியும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று."

மாஸ்டர் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்மேல் சின்ன வெங்காயக் கூடை ஒன்றை வைத்தார். ஒரு மாதம் அது அப்படியே இருந்தது.

ஒரு நாள் தனபாக்கியம் கூடத்துக்கு வந்து மாஸ்டரிடம் சொன்னார்: "ஃபேன் அவரே போடறாருங்க. நேத்து பேப்பரக் கிழிச்சுப்போட்டாரு."

"நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தானுங்க."

மாஸ்டர் வெங்காயக் கூடையை எடுத்தார்.

எண்பத்தொன்பது.

*

வெற்றி நாளுக்கு முதல் நாள் நாச்சிமுத்து கவலையோடு வந்தார்.

"ஒரு சிக்கல், மாஸ்டர். நாளை கொடி ஏறும்வரை யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும். அந்தப் பதினாறு நாளின் நினைவாக. அது சங்கத்தின் தீர்மானம்."

"எழுதுனது ஆரு?"

"நான்."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"எட?"

"ஐம்பத்தொன்று."

மாஸ்டர் ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். அது மூன்று அடுக்கு.

*

காலை பத்து மணிக்குப் பதினொரு பேரும் அடிவாரத்தில் கூடினார்கள். வெயில் அப்போதே பாறையில் ஏறிவிட்டது. ஆறுச்சாமி மடித்த கொடியைக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான் தோழர்," என்றார்.

அவர் பார்வை தூக்குப்போசியில் விழுந்தது.

"அதென்னது?"

"மூன்று அடுக்கு."

ஏறினார்கள். ஆறுச்சாமி முன்னால் போனார், வெள்ளாடுபோல. நாச்சிமுத்து கடைசியில் போனார். ஒரு படி. இன்னொரு படி.

நூறாவது படியில் உட்கார்ந்தார். முதல் அடுக்கைத் திறந்தார். இட்லி.

மேலே போனவர்கள் நின்று திரும்பினார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் படிகளில் யாரும் இட்லி வாசனையை அறிந்ததில்லை.

"தோழர்!" என்று கத்தினார் ஆறுச்சாமி. "தீர்மானத்த மீறறீங்க!"

"மீறவில்லை. திருத்தம் கொண்டுவருகிறேன்."

"திருத்தம்னா ஒருத்தர் வழிமொழியோணும். ஆரு வழிமொழியறா?"

நாச்சிமுத்து வயிற்றைத் தட்டினார்.

"இது."

யாரோ சிரித்தார்கள். எந்தக் கோஷ்டி என்று தெரியவில்லை.

இருநூறாவது படி. போன வருடம் நாற்காலி வந்த இடம். அங்கே அவர் நிற்கவில்லை. இருநூற்று நாற்பதில் உட்கார்ந்து இரண்டாம் அடுக்கைத் திறந்தார். பச்சைப்பயறு. இடுப்பு நிமிராத தோழர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். பிறகு இன்னொரு கை வந்தது. பிறகு ஒரு வரிசையே நின்றது.

தனக்கு மிஞ்சிய ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்து எழுந்தார். முட்டி வலித்தது. மூச்சு இருந்தது. கால் கேட்டதைச் செய்தது.

முந்நூற்றுப் பதினோராவது படியில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார்.

முகம் சுண்ணாம்பாக இருந்தது. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொடி இன்னும் கக்கத்தில் இருந்தது, ஆனால் கை அதைப் பிடித்திருக்கவில்லை.

மேலே இன்னும் எழுபத்தைந்து படிகள். யாரும் இல்லாத படிகள்.

"தோழர்," என்றார் ஆறுச்சாமி. "நேத்துப் பகல்ல சாப்புட்டது. தெனமும் பத்துக் கிலோமீட்டர் நடக்கற உடம்பு தோழர். இன்னிக்குப் பாத்துக் கருங்காலி ஆயிருச்சு."

நாச்சிமுத்து அவரைத் தாண்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். கல் சுட்டது.

மூன்றாம் அடுக்கைத் திறந்தார். ஒரு முட்டை இருந்தது. அதைப் படியின் விளிம்பில் தட்டினார். மெதுவாக உரித்தார். ஓட்டை அடுக்கிலேயே போட்டார்.

ஆறுச்சாமி முட்டையைப் பார்த்தார். உச்சிப் பாறையைப் பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்து கொடியை எடுத்து நீட்டினார்.

"நீங்க போங்க தோழர். மணி பன்னெண்டு ஆகப்போகுது. மேல போயி ஏத்துங்க."

நாச்சிமுத்து கொடியை வாங்கினார். மடியில் வைத்து ஒரு சுருக்கத்தை நீவினார். முட்டையை ஆறுச்சாமியின் கையில் வைத்தார்.

கீழே, ஆலை இருந்த இடத்தில், மண்டபத்து மைக் அடுத்த பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டது.

"மணி ஆச்சு தோழர். கொடி..."

"அரை மணி நேரம் கழிச்சுத்தான் தோழர்," என்றார் நாச்சிமுத்து. "நாம போராடி வாங்குனது. சாப்புடுங்க."